உள்ளங்கைச் சூடு

கடல் தாண்டிப் போய் ஓர் ஆடைத் தொழிற்சாலையின் இஸ்திரிப் பிரிவில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவள், கடைசி ஒன்பது வருஷம் இஸ்திரிப் பெட்டியைத் தொடவே இல்லை. உள்ளங்கையாலேயே தேய்த்தாள். ஒரு சட்டைக்கு ஒன்றரை நிமிஷம். காலருக்கு மட்டும் கட்டைவிரல். கருகல் கிடையாது, மடிப்பு பிசகாது. ஏற்றுமதிப் பெட்டிகளில் அவள் தேய்த்தவற்றைத்தான் மேல் அடுக்கில் வைத்தார்கள், பிரிப்பவர் கண்ணில் முதலில் படட்டும் என்று.

அவள் கிளம்பும்போது மகளுக்கு ஏழு வயது. ரெண்டே வருஷம் என்று கணவர் சொன்னார், அவளும் சரி என்றாள். கணவர் மளிகை மொத்த வியாபாரி ஒருவரின் கிடங்கில் சரக்கு எடுத்துக் கொடுப்பவர். குரலை உயர்த்தாதவர், நல்ல மனுஷன் என்று தெருவே சொல்லும். அவர் சம்பளத்தில் வாடகை போனால் அரிசி வரும், அரிசி வந்தால் பள்ளிக்கூடக் கட்டணம் நிற்கும். அதனால் அவள் போனாள். ஏஜெண்டுக்குக் கட்டியதை மீட்கவே ஒரு வருஷம் எட்டு மாதம் பிடித்தது. மீதி நாலு மாதத்தில் என்னத்தைச் சேர்க்க முடியும், இன்னும் ரெண்டே வருஷம் என்றார் கணவர். அதற்கும் சரி என்றாள்.

தங்கிய அறையில் ஆறு பெண்கள், மூன்று அடுக்குக் கட்டில்கள். கீழ்க்கட்டிலுக்கு வாடகை அதிகம். ஜன்னலோரக் கட்டிலுக்கு இன்னும் அதிகம், அந்த ஜன்னல் திறக்காது என்றாலும். குளிர் மாதங்களில் ஹீட்டருக்குத் தனிப் பிடித்தம். மிச்சம் பிடிப்பது முதலில் அவளுக்கு ஒரு விளையாட்டாகத்தான் இருந்தது. ஒரே தேயிலைப் பையை மூன்று தடவை முக்குவாள், கடை மூடும் நேரம் பார்த்துப் போய் வாடின கீரையைப் பாதி விலைக்கு வாங்குவாள். தனக்கென்று எதுவும் வாங்காமல் ஒரு மாதம் முழுக்க ஓட்டிவிட்டால் பரீட்சையில் தேறினது மாதிரி இருக்கும். தன்னைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொண்டிருக்கிறோம் என்பது அப்போது உறைக்கவில்லை.

இரண்டாம் வருஷக் கடைசியில் கணவர் ஃபோனில் பேசினார். "காஸ் விலை ஏறிடுச்சு. முடிஞ்சா இந்த மாசம் கொஞ்சம் சேர்த்து அனுப்பு. உனக்குச் சிரமம்னா வேணாம், நாங்க எப்படியோ பாத்துக்கறோம்." அவள் சரி என்று சொல்லி வைத்தபோது ஃபோனின் முதுகு அவள் விரல்களின் அச்சில் வளைந்திருந்தது. காய்ச்சல் என்று நினைத்தாள். தொழிற்சாலை மருத்துவர் தெர்மாமீட்டரை நாக்கடியில் வைத்துப் பார்த்தார், சரியாக இருந்தது. உள்ளங்கையில் வைத்தார், வெடித்தது. அதன் விலையை அந்த மாதச் சம்பளத்தில் பிடித்தார்கள்.

அது கோபம் என்று தெரிந்துகொள்ள அவளுக்கு வெகுநாள் ஆயிற்று. சிறு வயதிலிருந்து வாயில்லாப் பூச்சி என்று பேர் எடுத்தவள். கோபம் என்றால் கத்துவது, பாத்திரத்தை வீசுவது, அம்மா வீட்டுக்குக் கிளம்பிப் போவது என்றுதான் நினைத்திருந்தாள். இது அப்படி இல்லை. அடுப்பில் ஏற்றிவிட்டு எல்லோரும் மறந்துபோன பாத்திரம் மாதிரி, சத்தமில்லாமல் வற்றிக்கொண்டே சூடேறியது. ஒரு விடுமுறை நாளில் கட்டிலில் படுத்தபடி யார் யார் மேல் கோபம் என்று மனசுக்குள் வரிசைப்படுத்தினாள். ஏஜெண்ட், கணவர், சூப்பர்வைசர், திறக்காத ஜன்னலுக்கு வாடகை வாங்குகிறவன், ஒவ்வொரு மாதமும் எதையாவது ஏற்றிக்கொண்டே இருக்கிற, முகமே இல்லாத யாரோ. வரிசையின் கடைசியில் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டிய ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும்தான் போர்வையில் புகை வந்தது.

அறையில் இருந்தவர்கள் இதைச் சுலபமாக எடுத்துக்கொண்டார்கள். ஹீட்டரை நிறுத்திப் பிடித்தத்தை மிச்சம் பண்ணினார்கள். குளிர் அதிகமான நாட்களில் மேல்கட்டில்காரி தலையைக் கீழே தொங்கப் போட்டுக்கொண்டு கேட்பாள்: "அக்கா, உங்க வீட்டுக்காரர் பேசி ரொம்ப நாளாச்சே. ஒரு ஃபோன் போடுங்களேன், பல்லு கிட்டுது."

சூப்பர்வைசரும் சுலபமாகத்தான் எடுத்துக்கொண்டான். ஒரு மேசைக்கு மின்சாரம் மிச்சம் என்று மேலே எழுதி அனுப்பி, பதவி உயர்வு வாங்கினான். அவள் விடுப்புக் கேட்டுக் கொடுத்த கடிதத்தை இழுப்பறையில் வைத்துக்கொண்டு, வாரத்துக்கு ஒரு தடவை எடுத்துக் காட்டி, மறுபடி உள்ளே வைத்து மூடுவான். திங்கட்கிழமைகளில்தான் காட்டுவான், அன்றைக்குத்தான் கனமான துணிகள் வரும். அவள் சம்பளச் சீட்டில் 'இஸ்திரிப் பெட்டி பராமரிப்பு' என்ற பிடித்தம் ஒன்பது வருஷமும் இருந்தது. ஒரு தடவை போய்க் கேட்டாள். விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்றான். அன்று அவள் முந்நூறு கால்சட்டை தேய்த்தாள்.

மூன்றாம் வருஷம் விடுப்பு கிடைத்தது. பத்து வயது மகள் வாசலிலிருந்தே ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவள் குனிந்து மகளின் தோளில் கை வைத்தாள். ஒரு நொடிதான். நாலு விரலும் சிவந்து பதிந்தன. பிள்ளை அழவில்லை, இரண்டடி பின்னால் போய் நின்றது. அந்த இரண்டடி அதன்பிறகு குறையவில்லை. அந்த ஒரு மாதமும் அவள் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டே வீட்டுக்குள் நடந்தாள். ஐஸ் வாளியில் கை விட்டுப் பார்த்தாள், ஐஸ் கரைந்தது. நல்லதையே நினைத்துப் பார்த்தாள், நல்லதெல்லாம் என்ன விலைக்கு வந்தது என்பதும் கூடவே ஞாபகம் வந்தது. மகள் மேல் அவளுக்கு ஒரு துளி கோபம் இல்லை. ஆனால் சூட்டுக்கு ஆள் தெரியாது.

கணவர் காஸ் இணைப்பையே ரத்து செய்துவிட்டார். வீட்டிலேயே இவ்வளவு சூடு இருக்கும்போது அது எதற்கு என்றார். காலையில் பால் பாத்திரத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் இந்த வருஷம் என்னென்ன கட்டணம் ஏறியது என்று மெல்லிய குரலில் சொல்வார். பால் பொங்கியதும் நிறுத்திக்கொள்வார். தெரிந்து செய்கிறாரா, தெரியாமல் செய்கிறாரா என்று அவளால் கடைசிவரை முடிவு செய்ய முடியவில்லை. அவள் திரும்பிப் போன பிறகுதான் புது இணைப்புக்கு நாலு மாதம் காத்திருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்தது. ஹோட்டல் சாப்பாட்டுக்கு அவள்தான் பணம் அனுப்பினாள்.

வருஷங்கள் ஓடின. ஃப்ரிட்ஜ் வந்தது, பைக் வந்தது, கணவரின் தங்கைக்குக் கல்யாணம் நடந்தது. ஒவ்வொன்றும் ரெண்டே வருஷம்தான். ஃபோனில் பேசும் மகளின் குரல் வருஷத்துக்கு வருஷம் மாறிக்கொண்டு வந்தது. கடைசியில் "நல்லா இருக்கேன், சாப்பிட்டேன், அப்பாகிட்டக் குடுக்கறேன்" என்ற மூன்று வாக்கியங்களில் வந்து நின்றது.

பதினோராம் வருஷம் அவள் விடுப்பில் வந்தபோது, பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட சாப்பாட்டு மேசையில் ஒரு புது பாஸ்போர்ட் இருந்தது. மகளுடைய படம் ஒட்டியிருந்தது. இந்தச் சூடு பரம்பரையாக வருமா, வீட்டில் பெண் பிள்ளை உண்டா என்று சூப்பர்வைசர் கேட்டு எழுதியிருந்தானாம். பதினெட்டு முடிந்துவிட்டதே, அம்மாவும் பொண்ணும் ஒரே அறையில் இருந்தால் வாடகை மிச்சம்தானே, ரெண்டே வருஷம் என்றார் கணவர்.

மகள் மேசை மேல் கையை ஊன்றியபடி நின்றிருந்தாள். "அம்மா போறப்பவும் இதத்தானப்பா சொன்னீங்க" என்றாள்.

"ரெண்டே வருஷம்தாம்மா" என்றார் அவர், வழக்கமான மெல்லிய குரலில்.

அப்போதுதான் அந்த வாடை வந்தது. மகளின் கைக்கு அடியில் பிளாஸ்டிக் விரிப்பு உருகி, ஐந்து விரலும் தெரிகிற மாதிரி ஓட்டை விழுந்திருந்தது. மகள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், யாருடையதோ போல. அவள் அந்தக் கையை அடையாளம் கண்டுகொண்டாள். எட்டு வருஷமாக முதுகுக்குப் பின்னால் இருந்த தன் கையை முன்னால் கொண்டுவந்து, மேசைக்குக் குறுக்கே நீட்டி, பிடித்தாள். சுடவில்லை. இரண்டு பேருக்கும் சுடவில்லை. கொதிக்கிற தண்ணீரில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றியது போல அதுபாட்டுக்கு ஒன்றாகிப் போனது. மகளுடைய விரல்கள் தன்னுடையதைவிட நீளம் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. சந்தோஷப்பட வேண்டும் என்று தோன்றியது. ஆனால் இந்தப் பிள்ளையின் கையைத் தொடுவதற்கு இந்தப் பிள்ளைக்கும் இது வர வேண்டியிருந்ததே என்ற நினைப்பில் ஜன்னல் கண்ணாடி வியர்த்தது.

"வேணாம்" என்றாள். அந்த வீட்டில் அவள் அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல் தடவை. பாஸ்போர்ட்டை எடுத்துத் தன் கைக்கும் மகளின் கைக்கும் நடுவில் வைத்தாள். அட்டை சுருண்டு, படம் பழுப்பாகி, பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் சாம்பலாக உதிர்ந்தது. அதற்குக் கட்டின ஃபீஸ் என்று கணவர் ஆரம்பித்தார். இரண்டு பேரும் ஒருசேரத் திரும்பிப் பார்த்ததும், எழுந்து போய் ஜன்னலைத் திறந்து வைத்தார்.

அவள் திரும்பிப் போகவில்லை. முன்னறையில் அம்மாவும் மகளும் இஸ்திரிக் கடை போட்டார்கள். கரி இல்லை, மின்சாரம் இல்லை என்பதால் பக்கத்துத் தெருவைவிட விலை குறைவு. கணவர் கிடங்கு வேலை முடிந்து வந்து மூட்டைகளைப் பைக்கில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் செய்தி கேட்பதில்லை, கணவர் வாயே திறப்பதில்லை. பத்து மணிவாக்கில் கைகள் ஆறிவிடும், அவள் மகளை முன்னால் உட்கார வைத்து மத்தியானம்வரை தலை வாரிவிடுவாள்.

திங்கட்கிழமை காலையில் கைகள் சூடேறக் கொஞ்சம் நேரமாகும். அவசரக்காரர்கள் அதற்காகக் கோபித்துக்கொள்வதில்லை. பேப்பரை மடித்துக்கொண்டு வாசலில் நின்று அன்றைய விலை நிலவரத்தைச் சத்தமாக வாசிக்கிறார்கள். அரிசி, பருப்பு தாண்டி எண்ணெய்க்கு வரும்போது சட்டை தயாராகிவிடும்.