இரண்டு கோப்பை மா

வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மகள் துளசி கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"அப்பா, ஆன்ட்டி அனுப்பிட்டாங்க. எல்லாம் தமிழ்ல இருக்கு. எனக்கு ஒரு எழுத்தும் தெரியாதுலா. நீங்களே பாத்துக்குங்க."

ஆன்ட்டி என்றால் யோகாம்பாள் அம்மா. துளசிக்கும் அவருடைய மகன் ஜனார்த்தனனுக்கும் கோலா சிலாங்கூரில் ஒரே கிளினிக்கில் வேலை. இரண்டு வருடமாகப் பழக்கம். சனிக்கிழமை மத்தியானம் அந்த அம்மா முதல் தடவையாக புக்கிட் ரோத்தானில் உள்ள எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. பெண்ணைப் பார்க்க என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் அதற்குத்தான்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் பிடித்திருந்தால்தான் வந்தவர்கள் அந்த வீட்டில் கை நனைப்பார்கள். பிடிக்கவில்லை என்றால், இப்போதுதான் சாப்பிட்டுவிட்டு வந்தோம் என்று சொல்லிப் பச்சைத் தண்ணீரோடு எழுந்துவிடுவார்கள். என் மனைவி நல்லம்மாளின் அக்கா வீட்டில் அப்படி நடந்தது. சுட்டு வைத்த வடையெல்லாம் சுட்டபடியே கிடந்தது. அவர்கள் வீட்டுப் பெண் அழுததை நான் பார்த்தேன். இங்கேயும் அப்படி ஆகிவிடக் கூடாதே என்று எனக்கு உள்ளுக்குள் பயம். அவர்கள் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதிய அந்தக் காலத்து கிராணி குடும்பம். நாங்கள் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர்கள்.

அதனால்தான் துளசியை முன்னதாகவே கேட்டு வரச் சொன்னேன், அந்த அம்மா எதை ஆசையாகச் சாப்பிடுவார் என்று. பாயாசம் வேண்டாமாம். புரட்டாசி மாதம் என்பதால் முட்டை போட்ட கேக்கும் தொட மாட்டாராம். பழம் போட்டு அவன் அடுப்பில் சுடுகிற கொப்ளர் என்ற இனிப்பு என்றால் ஒரு கிண்ணம் கட்டாயம் சாப்பிடுவாராம். அப்பாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும் என்று துளசி பெருமையடித்துவிட்டு வந்திருக்கிறாள். அவரும் செய்முறையைத் தமிழிலேயே எழுதி அனுப்பிவிட்டார்.

வாசிக்கத் தெரியும்தான். ஐம்பது வயதுக்கு மேல் கோயில் மண்டபத்து வகுப்பில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டப் பழகியவன் நான். விரல் வைத்துத்தான் படிப்பேன். நல்லம்மாளுக்குச் சமையல் தெரியும், எழுத்து தெரியாது. எனக்கு எழுத்து தெரியும், சமையல் தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு ஆள் ஆகிவிடலாம் என்று நினைத்தேன்.

எங்களை வேலை வாங்கும் மண்டோர் வாசுவிடம் சொல்லிவிட்டுச் சனிக்கிழமை லீவு போட்டேன். வாரம் முழுக்க அண்ணாந்து செம்பனைக் குலை வெட்டியதில் கழுத்து திரும்ப மறுத்தது. அடுப்படியில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு சத்தமாகப் படித்தேன்.

"மா இரண்டு கோப்பை, அரித்தது."

"மாவா, என்ன மா?" என்றாள் நல்லம்மாள்.

"மான்னா மாம்பழம். மா, பலா, வாழை. முதல் பாடத்துலயே படம் போட்டு இருந்துச்சு."

"அரிச்சதுன்னா?"

அங்கே எனக்கும் ஒரு நிமிடம் தட்டியது. காயை அரிந்தது என்றுதான் நாங்கள் சொல்லுவோம். அவசரத்தில் ஓர் எழுத்தை மாற்றிப் போட்டுவிட்டார் போலும். "அரிஞ்சதுதான். கைத்தவறுதலா எழுதிட்டாங்க" என்றேன். யோகாம்பாள் அம்மாவின் தமிழில் ஒரு பிழை கண்டுபிடித்ததில் கொஞ்சம் சந்தோஷமும் வந்தது.

மேலே படித்தேன். சீனி, பேக்கிங் பவுடர், பட்டர் எல்லாவற்றையும் கலந்து பால் விட்டுப் பிசைய வேண்டும். விரும்பிய பழத்தைத் தட்டில் போட்டு, அதன் மேல் இதைப் பரப்ப வேண்டும்.

"மேல மாம்பழம், கீழ இன்னொரு பழமா?"

"அப்படித்தான் இருக்கு. அன்னாசி வெப்போம்."

"மாவு எங்க? மாவு இல்லாம என்னத்த சுடுறது?"

"முட்டை இல்லாம கேக் சுடுறாங்கல்ல. இது மாவும் இல்லாத சாமான்."

"நான் சொன்னா கேக்க மாட்டீங்க. எழுத்துப் படிச்ச மனுஷன்" என்று முந்தானையை இழுத்துச் செருகினாள். "அப்புறம்?"

"அவனில் வைக்கவும்."

"எவன்ல?"

எனக்குச் சிரிப்பு வந்து கைப்பேசி நழுவப் பார்த்தது. அவன் என்றால் பக்கத்து வீட்டு புஷ்பாவுடைய அவன். தீபாவளிக்கு கேக் செய்து விற்பவள் அவள். கேட்டதும் தந்துவிட்டு, தங்கையைப் பார்க்க கோலா குபு பாருவுக்குக் கிளம்பிவிட்டாள். வீட்டில் இருந்திருந்தால் எட்டிப் பார்த்துத் தடுத்திருப்பாள்.

மலாய்க்காரர்கள் குடியிருக்கும் கம்பத்துக் கடையில் வாங்கிய மாம்பழம் நல்ல வாசம். அரிந்து, பிசைந்து, பேக்கிங் பவுடரைப் போட்டதும் நுரைத்துக்கொண்டு வந்தது. "பாத்தியா, உப்புது" என்றேன். நல்லம்மாள் அன்னாசித் தட்டை என் பக்கம் தள்ளினாள். அன்னாசிக்கு மேல் ஊற்றி உள்ளே வைத்தோம். பரப்பத்தான் எழுதியிருந்தது. இது தானாகவே பரவிக்கொண்டது.

எடுத்தபோது அது அப்பமாகவும் இல்லை, கேக்காகவும் இல்லை. மஞ்சளாகக் கொதித்துக்கொண்டிருந்தது. பால் திரிந்து வெள்ளைத் திட்டு வேறு. மாற்றிச் செய்ய நேரமில்லை. கார் வாசலுக்கு வந்துவிட்டது.

யோகாம்பாள் அம்மா ஒல்லியாக, நரைத்த தலையோடு, பருத்திச் சேலையில் இருந்தார். கும்பிட்டுவிட்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். ஜனார்த்தனன் அவருக்குப் பக்கத்தில் விறைப்பாக உட்கார்ந்தான். நல்லம்மாள் தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

"இப்ப வேண்டாம். தண்ணி மட்டும் தாங்கோ" என்றார்.

நல்லம்மாள் என்னைப் பார்த்தாள். நான் துளசியைப் பார்த்தேன். துளசி தரையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினோம். பிறகு அந்த அம்மாவே கேட்டார்.

"நான் அனுப்பினது செய்தனீங்களோ? அதுக்காகத்தான் தேத்தண்ணி வேண்டாம் எண்டனான். வயித்தில இடம் வேணுமெல்லோ."

எனக்குப் பாதி மூச்சு வந்தது. கிண்ணத்தில் வைத்துக் கொடுத்தேன். கரண்டியால் அள்ளினார். சொட்டியது. மறுபடி அள்ளினார். அதுவும் சொட்டியது. வாய்க்குக் கொண்டுபோகாமல் கிண்ணத்தைக் கீழே வைத்தார். வந்த மூச்சு திரும்பப் போய்விட்டது.

"இதுக்கு மா போடேல்லையோ?"

"போட்டேனுங்கம்மா. குறைக்கவே இல்ல. ரெண்டு கோப்பை நிறைய."

"எனக்கு மாவைக் காணேல்லையே."

"மேல மஞ்சளா இருக்கே, அது பூரா மாதானுங்க. கம்பத்துல பறிச்ச பழம். ஒரு புளிப்பு இல்ல."

"பழமோ?" அவர் கிண்ணத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "மாம்பழமோ! ஐயோ முருகா, மா எண்டு நான் எழுதினதுக்கு மாம்பழத்தைப் போட்டியளோ?"

"மான்னா மாம்பழம் தானுங்களே?"

"எங்கட ஊரில மா எண்டால் மாவு. கோதுமை மா! அரிக்கிறது எண்டால் சலிக்கிறது!"

அடுப்படி வாசலில் நின்றுகொண்டு நல்லம்மாள் மெதுவாக, ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "நான் அப்பவே கேட்டேன், மாவு எங்கன்னு" என்றாள்.

யோகாம்பாள் அம்மா சிரிக்க ஆரம்பித்தார். சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்க, புரையேறும்வரை சிரித்தார். எனக்கு முகம் சுட்டது. துளசி மெதுவாக, "அப்பா காலையிலேர்ந்து செஞ்சாருங்க ஆன்ட்டி" என்றாள். அந்தக் குரல் எனக்குத் தாங்கவில்லை.

அவர் சட்டென்று நிறுத்தினார். மகன் பக்கம் திரும்பினார்.

"நீ ஒருக்கா வாசிச்சுச் சொல்லியிருக்கலாம்தானே?"

"எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதே அம்மா."

"உனக்கும் ஏலாது, அந்தப் பிள்ளைக்கும் ஏலாது. வாசிச்சவர் இவர் ஒருத்தர்தான். எழுதின எழுத்தை அப்பிடியே வாசிச்சவர். பிழை என்ரைதான்." எழுந்து சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். "வீட்டில கோதுமை மா இருக்கோ? கொட்டிப்போடாதேங்கோ அதை. அடியில அப்பிடியே கிடக்கட்டும்."

அடுப்படிக்குள் போய்விட்டார். நல்லம்மாள் மாவு டின்னையும் சல்லடையையும் எடுத்துக் கொடுத்தாள். அந்த அம்மா மாவைச் சலித்து, பட்டரை விரல் நுனியால் உதிர்த்து, பால் விட்டுப் பிசைந்து, கரண்டி கரண்டியாகப் பழத்தின் மேல் வைத்தார். உள்ளே நுழைய இடமில்லாமல் நானும் ஜனார்த்தனனும் வாசலில் நின்று பார்த்தோம்.

"அங்கிள், நான் ஏதாச்சும் எடுத்துத் தரவா?" என்றான்.

"நீ சும்மா இருலா. ரெண்டு பொம்பளைங்க உள்ள இருக்கறப்ப நாம எதையும் தொடக் கூடாது" என்றேன். சிரித்தான். அவன் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

உள்ளே பேச்சு சத்தம் குறையவே இல்லை. முதலில் சல்லடையைப் பற்றி. பிறகு முட்டுவலி, எண்ணெய் விலை, ஆஸ்திரேலியாவில் இருக்கும் அவருடைய மகள் பிரேமளாவின் பிரசவம். நல்லம்மாள் புதிய ஆளிடம் இவ்வளவு பேசுகிறவள் இல்லை.

இந்த முறை அவனிலிருந்து வந்த வாசமே வேறு. மேலே பொன்னிறமாக மேடு மேடாக வெந்திருந்தது. ஓரத்தில் மாம்பழச்சாறு பொங்கி வழிந்து பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. யோகாம்பாள் அம்மா ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு, எங்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். ஊதினார். சாப்பிட்டார். நாங்கள் நாலு பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"என்ன எல்லாரும் பாக்கிறியள்? நீங்களும் சாப்பிடுங்கோ. வடிவா வந்திருக்கு." இன்னொரு கரண்டி. "மாம்பழமும் அன்னாசியும் சேர்ந்தால் நல்லாத்தான் இருக்கு. இதை நான் பிரேமளாவுக்குச் சொல்ல வேணும்."

நானும் ஒரு வாய் வைத்தேன். இனிப்பு, புளிப்பு, மேலே மொறுமொறுப்பு. உண்மையிலேயே நன்றாக இருந்தது. நல்லம்மாள் எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கிண்ணம் காலியானது. அவர் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டு, என்னைப் பார்த்தார்.

"சரி. எழுத்தை எப்ப வைப்பம்?"

எழுத்தா? மறுபடியும் எனக்கு ஏதோ எழுதி அனுப்பப் போகிறாரா? வகுப்பு வைக்கிறேன் என்கிறாரா? தலையாட்டிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆட்டவில்லை.

"எழுத்துன்னா என்னங்கம்மா?" என்று கேட்டேன்.

"கலியாணத்தைப் பதியிறதைத்தான் நாங்கள் எழுத்து எண்டு சொல்லுறது."

துளசி கையிலிருந்த கரண்டி தட்டில் விழுந்து சத்தம் போட்டது. நல்லம்மாள் முந்திக்கொண்டு, "தை மாசம் வெச்சிக்கலாமுங்க" என்றாள். என்னை யாரும் கேட்கவில்லை. நான் தட்டின் ஓரத்தில் ஒட்டியிருந்ததைச் சுரண்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.