ஆயுத பூஜையன்னிக்கு வந்த ப்ளூஸ்

நம்புனா நம்புங்க, நம்பாட்டிப் போங்க. சுதந்திரம் வந்தப்ப ஊரே கொடியாட்டி மலாய்ல "மெர்டேக்கா"னு கத்துச்சு, நானும் தொண்ட கிழியக் கத்தினேன். ஆனா அந்த மாசமே என் பாட்டு கப்பலேறிப் போயிருச்சு.

பண்டார் ஹிலிர்ல ஒரு வெள்ளக்கார துரை வீட்டுல எனக்குச் சமையல் வேலை. துரை பொண்டாட்டி மெம் சாயங்காலமானா கிராமபோன்ல ரெக்கார்டு போடுவா. அதுல ஒரு பொம்பள பாடுவா. அமெரிக்காவுல இருக்கற கறுப்பினப் பொம்பள, இந்த மாதிரி பாட்டுக்கு ப்ளூஸ்னு பேருன்னு மெம் சொல்லித்தான் தெரியும். மொத தடவ கேட்டப்ப வெங்காயம் அரிஞ்சுக்கிட்டிருந்தேன். கத்திய வெச்சிட்டு அப்படியே நின்னுட்டேன். அடியாத்தி, என்ன குரல்! விளக்குல எண்ணெ இல்ல, நீ வாசல்ல கால்ல சப்பாத்து மாட்டிக்கிட்டு நிக்கிற, என்ன விட்டுட்டுப் போகாதேன்னு கெஞ்சுவா. எனக்குத் தெரிஞ்ச சமையக்கட்டு இங்கிலீசுக்கு அவ்வளவும் புரிஞ்சுச்சு.

ஆனா பாதிதான். பாட்டு அந்தக் கெஞ்சற எடத்துக்கு வந்ததும் மெம் மணிய அடிச்சிருவா. தண்ணி கொதிச்சிருக்கும், தேத்தண்ணி கலக்கப் பின்கட்டுக்கு ஓடணும். தட்ட தூக்கிக்கிட்டு வர்றதுக்குள்ள பாட்டு முடிஞ்சிருக்கும். வருஷக்கணக்கா இதே கூத்து. மெம் இல்லாத நேரம் போட்டுக் கேட்டிருக்கலாமேம்பீங்க. அந்தப் பெட்டிக்குப் பூட்டு, சாவி அவ இடுப்புல. சுதந்திரம் வந்துச்சு, துரையும் மெம்மும் ரெக்கார்டும் மூட்ட கட்டியாச்சு. அந்தப் பொம்பளைக்கு அப்புறம் என்னதான் ஆச்சுன்னு தெரியாமயே நான் காஜா பெராங்குக்கு வந்து சேந்தேன்.

மறு வருஷம் எங்க வீட்டுக்காரர் மருதமுத்து ஒரு பழைய ரேடியோ வாங்கிட்டு வந்தார். அவருக்கு பஸ் கம்பெனி பட்டறையில மெக்கானிக் வேலை, கெட்டுப் போன எதையும் உசுப்பி எழுப்பிருவார். கூரையிலேருந்து ரம்புத்தான் மரத்துக்கு ஏரியல் கம்பி கட்டினார். தமிழ்ப் பாட்டு கேக்கத்தான் வாங்கினார், பாவம். நான் அவர் வேலைக்குப் போனதும் சிற்றலையில முள்ளத் திருப்பிக்கிட்டு உக்காந்துருவேன். அமெரிக்கா பாட்டு காத்துல வராமயா போயிரும்? சீனக் கூத்து வந்துச்சு, ரஷ்யாக்காரன் வந்தான், எவனோ இருமினான். ப்ளூஸ் மட்டும் வரல. நான் விடல. எனக்கு வீம்பு ஜாஸ்தி, எங்கம்மாவே சொல்லும்.

ஒரு செவ்வாக்கெழம சாயங்காலம் வந்துச்சு பாருங்க! கிடார், நிறுத்தி நிறுத்தி பேசற ஒரு அமெரிக்காக்காரன், அப்புறம் ஒரு கெழவன் குரல். ப்ளூஸேதான்! நான் போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டுக் கோழியெல்லாம் கூரையேறிருச்சு. முள்ளு மயிரெழ நகந்தாலும் போயிரும். அதனால ஓடிப் போயி சாமி மாடத்துலேருந்து குங்குமம் எடுத்து, முள்ளு நின்ன எடத்துல கண்ணாடி மேல சின்னதா ஒரு பொட்டு வெச்சேன். அதுலேருந்து செவ்வாதோறும் பொட்டுக்கு நேரா முள்ள வெச்சிட்டா போதும், கச்சேரிதான்.

"இந்த ஒப்பாரிய எப்படித்தான் கேக்குறியோ"ன்னுவார் அவர். "நீங்க குளிக்கிறப்ப பாடறத நான் கேக்கல?"ன்னு திருப்பிக் குடுப்பேன்.

அப்படியிருக்க ஒரு செவ்வா அந்த அமெரிக்காக்காரன் ஒரு பேரு சொன்னான். பாடற பொம்பள பேருன்னு மெம் சொல்லுவாளே, அதே பேரு! அடுத்த வாரம் அரை மணி நேரமும் அந்தம்மா பாட்டுத்தானாம். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. என் பாட்டும் வரும், முழுசா வரும். அந்த வாரம் பூராவும் கொழம்புல உப்பு ஒண்ணு கூடிச்சு, இல்லாட்டி இல்லவே இல்ல.

அந்த அடுத்த செவ்வா ஆயுத பூஜை. அது என் மண்டையில ஏறவே இல்ல.

பாசாருக்குப் போயி பூவும் பொரியும் வாங்கிட்டு வர்றேன், வீடு பளபளங்குது. சாமி படத்துக்கு முன்னால அவரோட ஸ்பானர், சுத்தியல், என் அரிவாமன, எல்லாத்துக்கும் பொட்டு. நடுவுல ராஜா மாதிரி என் ரேடியோ, கழுத்துல செவந்தி மால.

"ஏங்க, இத எதுக்குங்க இங்க வெச்சீங்க?"

"அதுவும் நமக்கு ஒழைக்குதுல்ல? இன்னிக்கு ரெஸ்ட். நாளைக்குக் காலையில பூஜ முடிச்சுத்தான் எடுக்கணும். யாரும் கை வைக்கக் கூடாது."

"அது என்ன ஸ்பானரா? இன்னிக்கு என் பாட்டுங்க!"

"ஒரு நாள் ஒப்பாரி இல்லாட்டி யாரும் சாவ மாட்டாங்க, கமலா."

கிட்டப் போயி பாத்தேன். அலாமாக்! கண்ணாடிய நல்லாத் தொடச்சு, என் ஒத்தப் பொட்ட அழிச்சிட்டு, சந்தனமும் குங்குமமுமா அழகா மூணு பொட்டு வெச்சிருந்தார் மனுஷன். மூணும் முள்ளு ஓடற எடத்துக்கு மேலயே! எனக்கு வந்த கோவத்துக்குப் பொரிய அப்படியே அவர் தலையில கொட்டியிருப்பேன். சாமிக்கு வாங்கினதாச்சேன்னு விட்டேன். சாமி முன்னால வெச்சத நான் தொட மாட்டேன், அது அவருக்கும் தெரியும். வெளக்க ஏத்தினேன், கும்பிட்டேன். கும்பிட்ட கையோட செருப்ப மாட்டிக்கிட்டுக் கெளம்பிட்டேன்.

"எங்கடி போற? சுண்டல் யாரு தாளிக்கிறது?"

நான் அதுக்குள்ள தெருவுல எறங்கிட்டேன்.

தெருமொனையில அப்துல் சமது நானாவோட சாப்பாட்டுக் கடை. அங்க ஒரு பெரிய ரேடியோ உண்டு. பொம்பளைங்க வாசல்ல நின்னு பொட்டலம் வாங்கிட்டுப் போவோமே தவிர உள்ள உக்கார மாட்டோம். நான் விறுவிறுன்னு உள்ள போயி ரேடியோ பக்கத்து நாக்காலியில உக்காந்தேன். ஆம்பளைங்க அத்தன பேரும் ரொட்டிய வாயில வெச்சபடியே பாத்தாங்க. மக்ரிப்புக்கு அணைச்ச ரேடியோவ நானா அப்பத்தான் தொழுதுட்டு வந்து போட்டுருந்தார். தமிழ்ப் பாட்டு ஓடிக்கிட்டிருந்துச்சு.

"நானா, இந்த ரேடியோவ எனக்குக் கொஞ்ச நேரம் விட்டுக் குடுங்க."

"ஏன் தங்கச்சி, வூட்டுல ரேடியோ இருக்கே?"

"அது சாமி கும்பிட்டுக்கிட்டு இருக்கு நானா!"

கடையே கொல்லுன்னு சிரிச்சுச்சு. தபாலாபீஸ் கணேசமூர்த்தி மட்டும், "நாங்க பாட்டு கேக்க வேணாமா?"ன்னு மொறச்சார். "உங்களுக்கு தெனமும் வருது, எனக்கு இன்னிக்கு விட்டா இல்ல"ன்னேன். நானா என் மூஞ்சியப் பாத்தார். "திருப்பிக்க தங்கச்சி"ன்னுட்டார்.

திருப்பினேன். இது வேற ரேடியோ, வேற கண்ணாடி. எங்க இருக்குன்னு யார் கண்டா? காதுதான் கதி. கர்ருங்குது, புர்ருங்குது. சுவத்துக் கடியாரம் வேற ஓடுது. பாதி நேரம் போயிருச்சு. சயாம்காரன் பேசறான். இன்னும் கொஞ்சம் திருப்புனா, கணீர்னு குர்ஆன் ஓதற சத்தம். நான் தாண்டப் போனேன், நானா சட்டுனு கைய நீட்டினார்.

"இரு தங்கச்சி. ஓதறத நடுவுல அறுக்கக் கூடாது. அந்த வசனம் முடியட்டும்."

ஐயோ! என் பாட்டு போயிருமே! ஆனா நடுவுல அறுபடறதோட வலி என்னன்னு எனக்கா தெரியாது? கைய எடுத்துட்டேன். ஓதறவர் நிதானமா மூச்செடுத்தார், முடிச்சார். நானா தலையாட்டினார். திருப்பினேன்.

அடுத்த நொடி அவ! அவளேதான்! விளக்குல எண்ணெ இல்ல, நீ வாசல்ல நிக்கிற.

"வந்துருச்சு! வந்துருச்சு!"ன்னு மேசையத் தட்டிட்டேன், தே கிளாஸ் ஒண்ணு உருண்டு போச்சு. அப்பத்தான் எங்க வீட்டுக்காரர் வாசல்ல வந்து நின்னார், கையில கரண்டியோட. வாயத் தொறந்தவர நானா ஒதட்டுல வெரல வெச்சு அடக்கிட்டார். கெஞ்சற எடம் வந்துச்சு. எப்பவும் மணியடிக்கிற எடம். என் காலு தன்னால தரையில ஊனிருச்சு, எந்திரிச்சு ஓடறதுக்கு. யாரும் மணியடிக்கல. பாட்டு மேல போச்சு.

அவ அழல! கேளுங்க, அவ அழல! குரல எறக்கி, லேசா சிரிச்சுக்கிட்டே சொல்றா: சப்பாத்த கழட்டிட்டு உள்ள போயி உக்காருய்யா, எண்ணெ வாங்கறது இனி உன் பாடு, பொட்டிய கட்டினது நான், கெளம்பறதும் நான். அவ்வளவுதான், டங்குனு கிடார் நின்னுச்சு. இத்தன வருஷமா ஒருத்தி கதறிக்கிட்டே கெடக்கான்னு நெனச்சு நான் ராத்திரியெல்லாம் மருகியிருக்கேன். அவ என்னடான்னா அன்னிக்கே கெளம்பிட்டா! எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்துச்சு.

"என்ன சொன்னா அந்தம்மா?"ன்னு கேட்டது யாருங்கறீங்க? கணேசமூர்த்தி. எல்லாருக்கும் தமிழ்ல சொன்னேன். கடை ஆர்ப்பரிச்சுருச்சு. "போடு! அவன் நல்லா எண்ணெ வாங்கட்டும்!"னு யாரோ கத்தினாங்க.

கண்ணத் தொடச்சுக்கிட்டு நான் எந்திரிச்சேன். சுண்டல் கெடக்கு, பூஜ வேலை கெடக்கு, கூப்பிடத்தானே வந்திருக்கார்.

"எங்க எந்திரிக்கிற?"ன்னார் அவர். "இன்னும் பாட்டு பாக்கி இருக்கில்ல?"

"சுண்டல்..."

"நான் தாளிச்சிட்டேன். நீ உக்காரு கமலா."

நானா அவருக்கும் ஒரு நாக்காலிய இழுத்துப் போட்டார். ரேடியோவுல அவ அடுத்த பாட்ட ஆரம்பிச்சா. நான் உக்காந்தேன்.