காலியிடம் பொறுக்காத அலமாரி

ஆயுத பூஜை அன்று மாலை, மெல்பர்ன் ஓரத்து வெரிபீயில், நாகலட்சுமி தன் வீட்டுப் பூஜை அலமாரியின் மூன்றாவது இழுப்பறைக்குள் போய்விட்டாள். அவள் ஐந்தடி இரண்டங்குலம். இழுப்பறை ஒரு சாண். எப்படிப் போனாள் என்று கேட்டுப் பயனில்லை. நர்ஸ் சீருடையோடு, ஒரு சாண் ஆளாக, மல்லாந்து கிடந்து புருஷன் சுதர்சனைப் பார்த்து விழித்தாள்.

அலமாரி அப்படிப்பட்டது. நானூறு வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பியப் பணக்காரர்களுக்கு ஒரு பித்துப் பிடித்திருந்தது. கப்பலில் வந்த அதிசயத்தையெல்லாம் ஒரே அலமாரியில் அடைத்து, விருந்தாளிகளைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். பாடம் செய்த முதலைக்குட்டி, வெள்ளிப் பாதம் கட்டிய கொட்டாங்குச்சி, நம் பக்கத்துக் கடற்சங்கு, ஒற்றைக்கொம்புக் குதிரையின் கொம்பு என்று சத்தியம் செய்து தலையில் கட்டப்பட்ட திமிங்கிலப் பல். ஒருவருக்கொருவர் பண்டமாற்றும் செய்துகொள்வார்கள். ஓர் அறை காலியாகக் கிடந்தால் மானக்கேடு. ஆம்ஸ்டர்டாம் வியாபாரி ஒருவன் செய்வித்த இந்த அலமாரிக்கு அந்த மானம் மரத்திலேயே ஊறிப்போனது. வியாபாரி செத்தான், பேரன்கள் செத்தார்கள், அலமாரி மெல்பர்ன் வந்து சேர்ந்தது. யாராவது ஒன்றை எடுத்துவிட்டு ஒன்றை வைக்காமல் போனால், அது தானே எடுத்துக்கொள்ளும்.

இறந்துபோன ஒருவர் வீட்டு ஏலத்தில் சுதர்சன் அதை எடுத்து வந்தான். குட்டிக் குட்டி மாடங்களைப் பார்த்ததும் நாகலட்சுமி பூஜை அலமாரி ஆக்கிவிட்டாள். நம்மவர்கள் வேறென்ன செய்வார்கள்? முதலைக்குட்டி இருந்த இடத்தில் முருகன் வந்தார். அலமாரி ஒன்றும் சொல்லவில்லை. ஒருமுறை நண்பனுக்குக் காட்ட சுதர்சன் சங்கை எடுத்தபோது அவன் கைக்கடிகாரம் அங்கே போய் உட்கார்ந்தது. சங்கைத் திருப்பி வைத்ததும் கடிகாரம் கைக்கு வந்தது. "கறாரான ஆளு" என்று புருஷனும் பெண்டாட்டியும் சிரித்தார்கள்.

சேர்ந்து சிரிக்க நேரம் கிடைத்ததே அதிசயம். அவனுக்கு மல்கிரேவில் ஆபீஸ், ஊரின் அந்தக் கோடி. அவளுக்கு ஆஸ்பத்திரியில் நைட் ஷிப்ட். ஒருவர் ஷூ கழற்றும்போது மற்றவர் ஷூ மாட்டுவார். "ரசம் ஃப்ரிட்ஜ்ல இருக்கு" என்பதுதான் அவர்களுடைய தாம்பத்தியப் பேச்சு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல்முறையாக இருவருக்கும் ஒரே வாரம் லீவு கிடைத்திருந்தது. பூஜை முடிந்ததும் கிளம்ப வேண்டும்.

அன்றைக்கென்று வார்டில் ஆள் இல்லையென்று போன் வந்தது. அவளுடைய ஸ்டெதஸ்கோப் குங்குமப் பொட்டோடு இழுப்பறையில் பூஜையில் இருந்தது.

"சாமிகிட்ட வெச்சத நாளைக்குத்தான் எடுக்கணும், நாகு."

"பேஷன்ட் நாள் பாத்தா படுக்கறாங்க?" என்று அவசரமாக உருவினாள். பதிலுக்கு ஒன்றும் வைக்கவில்லை. ஸ்டெதஸ்கோப் தரையில் விழுந்தது, ஆள் உள்ளே.

சுதர்சன் ஸ்டெதஸ்கோப்பைத் திருப்பி வைத்தான். அலமாரி துப்பிவிட்டது. நல்ல சரக்கைக் கொடுத்து மட்டமானதை எந்தச் சேகரிப்பாளன் வாங்குவான்? அவளுடைய கால் நகங்கள் தந்தம்போல் வெளுத்து இறுக ஆரம்பித்தன. அவன் பைத்தியம் பிடித்தவன்போல் அலைந்தான். ஈமு முட்டை வைத்தான், ஓபல் கல் வைத்தான், வானத்திலிருந்து விழுந்த கல்லை யாரிடமோ கெஞ்சி வாங்கி வந்து வைத்தான். எல்லாம் தரைக்கு வந்தன. அந்தக் காலத்தில் ராஜாக்கள் வாய் பிளந்திருப்பார்கள். இப்போது குழந்தைகள்கூடப் போனில் பார்த்துச் சலித்தவை. இறுக்கம் கணுக்காலைத் தொட்டபோது அவன் அலமாரியில் தலையை முட்டிக்கொண்டு அழுதான்.

அழுகை கேட்டுப் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து சிவனேஸ்வரி அன்ரி வந்தார். இழுப்பறையை எட்டிப் பார்த்தார். "ஆளை எடுத்ததுக்கு ஆளைத்தான் குடுக்கோணும் தம்பி. வேறென்ன?" என்றார், கத்தரிக்காய் முற்றல் என்று சொல்கிற குரலில்.

அவன் கையை உள்ளே விட்டான்.

"வேணாங்க. கைய எடுங்க."

"நீ கொஞ்ச நாள் நடந்துட்டு வா, நாகு."

அவள் முழு ஆளாகத் தரையில் உருண்டாள். கால் விரல்கள் அசைந்தன. உள்ளே அவன் நகங்கள் வெளுக்கத் தொடங்கின. பார்த்துக்கொண்டே இருந்தாள். இறுக்கம் அவன் கணுக்கால்வரை ஏறியதும், அன்ரி தடுத்தும் கேளாமல், தன் கையை விட்டாள். அவன் வெளியே வந்தான்.

வருஷங்கள் போய்விட்டன. இன்றும் அப்படித்தான் நடக்கிறது. அவள் உள்ளே என்றால் அவன் வேலைக்குப் போகிறான்; அவன் உள்ளே என்றால் அவள் போகிறாள். தெருவில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை, முன்பும் அவர்களைச் சேர்ந்து பார்த்தவர் இல்லை. அந்த ஒரு வார லீவு அப்படியே கிடக்கிறது.

மாறும்போது ஒரு கை போகும், ஒரு கை வரும். நடுவில் இரண்டும் பற்றிக்கொள்ளும், சுண்டு விரல்தான் கடைசியாக விடும். சொல்ல எவ்வளவோ இருக்கிறது.

"ரசம் ஃப்ரிட்ஜ்ல இருக்கு" என்கிறாள் அவள்.

"சரி" என்கிறான் அவன்.