சிம்ரனுக்கு ஒரு மடி

வானகரம் பக்கம் பைபாஸில் ஒரு லாரி டில்லிபாபுவின் பைக்கை உரசிவிட்டுப் போனது. பின்னால் விஜி இருந்தாள். இருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும் விஜி கேட்ட கேள்வி அவன் தூக்கத்தைப் பறித்துவிட்டது.

“நாம ரெண்டு பேரும் ஒண்ணா போய்ட்டா சிம்ரன யாருய்யா பாத்துப்பா?”

மகளுக்கு ஐந்து வயது. சொத்து என்றால் அயனம்பாக்கம் ஃப்ளாட் ஒன்றுதான். மறுவாரமே பூந்தமல்லியில் வக்கீல் கிருஷ்ணப்பிரியா முன்னால் உயில் எழுத உட்கார்ந்தார்கள்.

“சொத்தைப் பொறுப்பா பார்த்து ஒப்படைக்க ஒருத்தர், குழந்தைய வளர்க்க ஒரு கார்டியன். ரெண்டும் ஒரே ஆளா இருக்கணும்னு இல்ல. யார் பேரு?”

“எங்க அண்ணன்!” என்றாள் விஜி. “எங்க அக்கா!” என்றான் டில்லிபாபு. வக்கீல் பேனாவை மூடிவிட்டார். “பேசி முடிச்சு, அவங்க சம்மதமும் கேட்டுட்டு வாங்க.”

பேச்சு எங்கே முடிந்தது? விஜியின் அண்ணன் வெற்றிச்செல்வன் ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸ்வாசி. செருப்பு வாங்கிய பில்லைக்கூடப் பத்திரப்படுத்துகிற மனுஷர். அவர் தலையைக் கண்டாலே சிம்ரன் கட்டிலுக்கடியில் புகுந்துகொள்வாள். டில்லிபாபுவின் அக்கா ராதிகாவுக்குச் சென்னீர்குப்பத்தில் டிபன் கடை. இல்லையென்று சொல்லவே தெரியாது. அவளிடம் ஃப்ளாட்டைக் கொடுத்தால் ஆறே மாதத்தில் கஷ்டப்பட்ட யாராவது அதில் குடியிருப்பார்கள்.

“தாய்மாமன் கீறப்போ அத்தைக்கு இன்னா உரிமை?”

“உரிமையா சோறு ஊட்டி தூங்க வைக்கும்?” என்றான் அவன். மகள் ராத்திரி பயந்து அழுதால் யார் மடியில் படுப்பாள் என்பதுதான் அவன் கவலையெல்லாம்.

இதற்கிடையில் சிம்ரனின் காதுகுத்து வந்தது. ஏரிக்கரை அம்மன் கோயிலில் மடிப்புக் கலையாத வேட்டியில் சம்மணம் போட்டிருந்தார் வெற்றிச்செல்வன். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். பத்தர் ஊசியை எடுத்ததுதான் தாமதம், சிம்ரன் வழுக்கி இறங்கி ஓடி ராதிகாவின் மடியில் ஏறிக்கொண்டாள்.

போன வருஷம் இதே கோயிலில் ஒரு மாமன் இதைவிடச் சின்ன விஷயத்துக்குச் சீர்த்தட்டோடு கிளம்பிப் போயிருந்தார். விஜிக்குக் கண் கலங்கிவிட்டது.

வெற்றிச்செல்வன் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். நேராக ராதிகா எதிரில் போய்த் தரையில் உட்கார்ந்தார்.

“பத்தரே, இங்க வாங்க. புள்ள பயப்படாத எடத்துலயே குத்துங்க. கம்மல நான் புடிச்சிக்கிறேன்.”

ஒரு கையில் கம்மலை ஏந்தினார். அவரது இன்னொரு கையின் கட்டைவிரலைச் சிம்ரன் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஊரே கேட்கக் கத்தினாள்.

சாப்பாட்டுப் பந்தியில் விஜியே புருஷனை இடித்தாள். “கேளுய்யா.”

“அக்கா, எங்களுக்கு எதுனா ஆனா புள்ள உன்கிட்ட. மச்சான், ஊடும் மத்ததும் உங்க பொறுப்பு. உயில் எழுதப் போறோம். சம்மதமா?”

“நல்ல நாளும் அதுவுமா பேசுற பேச்சப் பாரு!” என்று தம்பி முதுகில் ஒன்று வைத்தாள் ராதிகா. “எம்புள்ளய நான் பாக்காம வேற யாரு பாப்பா?”

வெற்றிச்செல்வன் இலையை மடித்தார். “எழுதிக்க மாப்ள. ஆனா ஒரு கண்டிஷன்.”

“இன்னா மச்சான்?”

“ஞாயித்துக்கெழம ஆனா புள்ளய என்கிட்ட வுடுங்க. என்னப் பாத்தா கட்டிலுக்கடில பூந்துக்குது. அது என்கிட்ட ஒட்டணும்னா நீங்க சாவணுமா?”

விஜி அழுதுகொண்டே சிரித்தாள். மறுநாள் இருவர் பெயரையும் எழுதக் கிளம்பினார்கள். அவன் பைக்கில், அவள் பஸ்ஸில்.