கடைக்குள் ஒரு வழிப்பாத்தியம்

என் வீட்டுக்காரர் வெயிலுமுத்து வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்துத்தான் வாங்குவார். மும்பை செம்பூரில் கடை வாங்கும்போது மட்டும் பத்திரத்தைப் படிக்கவில்லை. மராத்தியில் இருந்ததாம்! வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர், காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

தாராவியில் ஒற்றை அறையில் இட்லிமாவு அரைத்துக்கொண்டிருந்தவள் நான். நாலு கிரைண்டர் ஓடினால்தான் ஹோட்டல் ஆர்டர் பிடிக்க முடியும். நாலாவதைக் கடைக்குள் பின்பக்கம் மாடிப்படிக்கு முன்னால் இறக்கினோம். மேலே பூட்டிக்கிடக்கிற சாமான் அறைதான் என்று விற்றவர் சொல்லியிருந்தார்.

மறுநாள் காய்கறிப் பையோடு ஒரு அம்மாள் விறுவிறுவென்று உள்ளே வந்தாள்.

"எங்கக்கா போறீக?"

"வீட்டுக்கு."

மாடி வீட்டுக்குச் சொந்தக்காரி ராபியாக்கா. மகள் கல்யாணத்துக்காக மேலப்பாளையம் போய் இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்திருக்கிறாள். நான் கத்தினேன். அவள் அசரவில்லை.

"ஒம் பத்திரத்த எடு. நாலாம் பக்கம்."

அவளே வாசித்துச் சொன்னாள். கடை வழியாக மாடிக்குப் போய்வர அவளுக்கு வழிப்பாத்தியம். கடையை யார் வாங்கினாலும் செல்லும். நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கிரைண்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கடையைச் சேர்ந்த பக்கச் சந்தில் அவளுக்கு இரும்புப் படி போட்டுக்கொடுத்தோம். சரி என்றாள்.

"இனி கடைக்குள்ள வரமாட்டேன்னு எழுதி வாங்குங்க" என்றேன்.

"சே, கூடப்பொறந்தவ மாதிரி இருக்கா. வாய்ச்சொல்லு போதும்" என்றார் இவர்.

ஒரு மாதம் அந்தப் படியிலேயே ஏறி இறங்கினாள். பிறகு ஒருநாள் கடைக்குள் வந்து, "கிரைண்டரத் தள்ளு" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அதான் படி போட்டுத் தந்தாச்சுல்லா!"

"படி ஒன் எடத்துல நிக்குது. நாளைக்கு நீ கடைய வித்து, வாங்குனவன் அதப் புடுங்கிட்டா நான் பறந்தா போவேன்? இந்த வழிதான் பத்திரத்துல இருக்கு. நடக்காம விட்டா இதுவும் போயிரும்."

அவள் இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன். கோபமெல்லாம் இவர் பக்கம் திரும்பியது.

வக்கீலிடம் எழுதி வாங்கினோம். இரும்புப் படியில் அவளுக்குப் பாத்தியம், கடைக்குள் உள்ளதை அவள் விட்டுக்கொடுக்கிறாள். பதிவு ஆபீசில் தாளை நீட்டியதும் இவர் பேனா மூடியைத் திறந்தார். நான் பிடுங்கிக்கொண்டேன்.

"ராபியாக்கா, மொத வரியிலருந்து வாசிங்க."

"என்னையவா? நான்லா ஒங்க எதிராளி!"

"இருக்கட்டும். நம்மள்ல படிச்சிட்டுக் கையெழுத்துப் போடுற ஆளு நீங்க ஒருத்திதான்."