ஊதுவத்தி நின்ற மூடி

“வெறுஞ் சிலிண்டர் எண்டால் வெறுமைதானேயப்பா? பிறகேன் உதுக்கு இவ்வளவு மரியாதை?”

புருசன் குகதாசன் இப்படிக் கேட்டபோது சுமித்திராவுக்குப் பதில் தெரிந்திருந்தது. சொல்லத்தான் வரவில்லை. விசுவமடுச் சந்தியில் காஸ் விற்கிற கடையில் அவள் வேலைக்குச் சேர்ந்து அப்போது ஒரு மாதம். சேர்ந்த கிழமையே கிளிநொச்சிக்கு ஒரு நாள் வகுப்புக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே ஒரு ஐயா சொன்னதெல்லாம் அவளுக்கு வரிக்கு வரி மனப்பாடம். அடுப்பு அணைந்தவுடன் சிலிண்டர் முடிந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. எரிவதற்குப் போதாத கொஞ்சக் காஸ் உள்ளே கிடக்கத்தான் செய்யும். ஆகவே வெறுஞ் சிலிண்டரையும் நிறைந்த சிலிண்டர் போலவே கொண்டுபோக வேண்டும். வாய்க்கு மூடி போட்டு, நிமிர்த்தி வைத்து, உருளாமல் கட்ட வேண்டும். காற்றுப் போய்வர வழி விட வேண்டும். ஆட்களோடு சேர்த்து ஏற்றக் கூடாது. பக்கத்தில் நெருப்பு ஆகவே ஆகாது.

வாயைத் திறந்தால் எல்லாம் நூல் சிக்கின மாதிரிச் சிக்கிக்கொண்டது.

“அதுக்குள்ளை கொஞ்சம் இருக்குமப்பா” என்று மட்டும் சொன்னாள்.

“இருக்குமெண்டால் ஒரு தேத்தண்ணி வைச்சிருக்கலாமே, சிலிண்டர் ரீச்சர்!”

அன்றிலிருந்து அவள் அவனுக்குச் சிலிண்டர் ரீச்சர். குகதாசன் ஓட்டோ ஓட்டுகிறவன். வாய் ஓயாது. ஊர் ஒழுங்கைகளில் ஆட்களையும் ஏற்றுவான், அவர்களின் வெறுஞ் சிலிண்டர்களையும் சந்திக்கு ஏற்றிப் போவான். காலையில் படலையைத் தாண்டும்போது “போட்டு வாறன் ரீச்சர்” என்று சத்தம் வைக்காமல் அவன் ஓட்டோவை எடுத்த நாளில்லை. பக்கத்து வீட்டு நாகேஸ்வரி அக்காவுக்குக் கேட்குமே என்று சுமித்திராவுக்கு வெட்கமாக இருக்கும். ஆனாலும் அந்தச் சத்தம் வரும்வரைக்கும் குசினி யன்னலடியில்தான் நிற்பாள்.

கார்த்திகை பிறந்து மழை விடாமல் பெய்தது. குகதாசனின் தங்கை சுரேகா தலைப்பிள்ளைக்கு இவர்களிடம்தான் வந்திருந்தாள். அவளுடைய புருசனுக்குக் கட்டாரில் வேலை. கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் வந்து சேரச் சொல்லிக் கிளினிக் கார்ட்டில் எழுதிவிட்ட நாளன்று, காலையில், தண்ணீர் பாதி கொதிக்கும்போதே காஸ் முடிந்து அடுப்பு நூர்ந்துவிட்டது.

குகதாசன் சிலிண்டரைச் சரித்துப் படுக்கப் போட்டான். காஸுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற வருடத்தில் ஊரே பழகிய வித்தை அது. சுடர் இரண்டு தரம் துள்ளி எழும்பியது. ஒரு தேத்தண்ணிக்கு அது போதும். தேத்தண்ணியைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, ரெகுலேற்றரைக் கழற்றி, சிலிண்டரை ஈர முற்றத்தில் உருட்டிக்கொண்டுபோய் ஓட்டோவின் பின் இருக்கைக்குப் பின்னால் படுக்க வைத்தான்.

“சந்தியாலைதானே போறம். கடையிலை இறக்கிப்போட்டுப் போவம்.”

“சுரேகாவையும் ஏத்திக்கொண்டோ?” என்றாள் சுமித்திரா.

“வெறுமையப்பா.”

“மூடி?”

“எங்கையாவது கிடக்கும்.”

சுமித்திரா பையைத் தூக்கிக்கொண்டாள். அவன் இரண்டு பக்கத்து ரெக்சின் திரைகளையும் இறக்கிக் கொளுவினான். உள்ளே ஒரு சின்ன இருட்டு அறை மாதிரி இருந்தது. சுரேகா வயிற்றைத் தாங்கிக்கொண்டு மெல்ல ஏறி இருந்தாள். சுமித்திரா பையோடு பக்கத்தில் இருந்தாள்.

“மச்சாள், என்னவோ மணக்குது” என்றாள் சுரேகா. “கூழ்முட்டை மாதிரி.”

முன்னால் ஏறிய குகதாசன் பெரிதாகச் சிரித்தான். “தொடங்கியிட்டுது! மச்சாளின்ரை தலையெண்ணெய் மணக்குது, என்ரை சேட் மணக்குது, நாகேஸ்வரி அக்கா வீட்டுக் கருவாடு மணக்குது. போன கிழமை நிலவு மணக்குது எண்டாய்!”

“நிலவு எண்டு நான் சொல்லேல்லை அண்ணா!”

“பொறு, ஊதுவத்தி கொளுத்திறன். எல்லா மணமும் போயிடும்.”

கண்ணாடிக்குக் கீழே பிள்ளையார் படம் ஒட்டியிருந்தது. அதன் முன்னால் சந்தனமும் சாம்பலும் பூசிக்கிடந்த ஒரு சின்னக் கிண்ணத்தில் மணல் நிரப்பி, ஊதுவத்தி குத்தி வைப்பது அவன் வழக்கம். புதிதாக ஒன்றைக் குத்திவிட்டு லைற்றரைத் தேடிச் சேட் பையைத் தடவினான்.

சுமித்திரா மூக்கை இழுத்துப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. மூன்று நாளாக அவளுக்கு மூக்கடைத்த தடிமன். வந்த நாளிலிருந்து சுரேகாவின் மூக்கைப் பற்றி வீடே சிரித்திருக்கிறது. சுமித்திராவும் சேர்ந்து சிரித்தவள்தான். பிள்ளைத்தாச்சிக்கு எல்லாம் மணக்கும், சரி. ஆனால் இவள் எண்ணெய் என்றால் எண்ணெய் இருந்தது, கருவாடு என்றால் கருவாடு இருந்தது. இல்லாத ஒன்றை இவள் ஒருநாளாவது மணந்தாளா?

லைற்றர் அவன் கைக்கு வந்துவிட்டது. பெருவிரல் சில்லில் ஏறியது.

“கொளுத்தாதேங்கோ!”

ஏழு வருடக் கலியாணத்தில் அவள் போட்ட முதல் சத்தம் அது. குகதாசனின் கையிலிருந்து லைற்றர் நழுவிக் காலடியில் விழுந்தது. கொடியிலிருந்த காகம் கூடப் பறந்துவிட்டது.

“என்ன... என்னப்பா?”

“இறங்குங்கோ. ஸ்ராட் பண்ணவும் வேண்டாம். திரையை மேலை சுருட்டுங்கோ. சுரேகா, இஞ்சாலை வா, மெல்ல. விறாந்தைக்குப் போ.”

சொற்கள் ஒன்றோடொன்று சிக்காமல் வந்தன. தங்கையைக் குடைக்குள் கூட்டிப்போய் விறாந்தையில் விட்டான் குகதாசன். பிறகு சுமித்திரா சொன்னபடியே சிலிண்டரைத் தூக்கி வந்து, வீட்டுக்குத் தூரமாய், தென்னைக்கு அங்கால் திறந்த வெளியில் நிமிர்த்தி வைத்தான்.

“நனையிறாய் ரீச்சர். உனக்குத் தடிமன். அவளின்ரை கதையைக் கேட்டு...”

“ஒரு சிரட்டையிலை சவர்க்காரத் தண்ணி கொண்டு வாங்கோ.”

கொண்டுவந்தான். அவள் தான் நனைந்துகொண்டு குடையைச் சிலிண்டருக்குப் பிடித்தாள். நுரையை அதன் வாய்க்குள் மெல்ல விட்டாள். இரண்டு பேரும் குந்தியிருந்து பார்த்தார்கள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு குமிழி பட்டாணி அளவுக்கு ஊதி வெடித்தது. பின்னால் இன்னொன்று. அதற்குப் பின்னால் இன்னொன்று. முற்றத்தில் உருண்டபோது வாய்க்குள் போன மணல் நடுவிலிருந்து வாயை அடைக்கிற ஊசியை முழுதாக மேலே வர விடவில்லை போலும்.

குகதாசன் குமிழிகளைப் பார்த்தான். விறாந்தைக் கதிரையில் வயிற்றில் கைவைத்திருந்த தங்கையைப் பார்த்தான்.

“மூடி வேணும்” என்றாள் சுமித்திரா.

அவன் எழுந்து ஓட்டோவுக்குப் போனான். பிள்ளையாருக்கு முன்னாலிருந்த கிண்ணத்தை எடுத்து மணலைக் கொட்டினான். கூரைப் பீலியால் விழுந்த மழைத்தண்ணீரில் பிடித்துத் தேய்த்தான். சந்தனம் போய், சாம்பல் போய், அது வெள்ளை வெளேரென்று ஒரு சிலிண்டர் மூடியாகியது. கடையில் நாளுக்கு இருபது மூடி கையில் பிடிக்கிற சுமித்திரா இத்தனை நாளும் அதை அடையாளம் காணவில்லை. அவன் அவளுடைய முகத்தைப் பார்க்காமல் நீட்டினான். அவள் வாங்கி அழுத்திப் பூட்டினாள். சுற்றிவர மறுபடியும் நுரையை விட்டாள். குமிழி வரவில்லை.

கடை முதலாளிக்குப் போனில் கோல் எடுத்தாள். “கசிஞ்ச சிலிண்டரை நீங்கள் ஏத்தவே கூடாது, பிள்ளை. அப்பிடியே வெளியிலை நிமிர்ந்து நிக்கட்டும், லொறிக்காரர் வந்து எடுப்பினம்” என்றார் அவர்.

திரைகளைச் சுருட்டிவிட்டுக் கால் மணித்தியாலம் ஓட்டோவைக் காற்றாட விட்டார்கள். பிறகு சுரேகாதான் முதலில் தலையை உள்ளே விட்டு மூக்கை உறிஞ்சினாள். “இப்ப இல்லை. அண்ணாவின்ரை சேட் மட்டும்தான்” என்றாள். அதன்பிறகே அவன் ஸ்ராட் பண்ணினான்.

பரந்தன் வந்தது. சுரேகாதான் பொறுக்கமாட்டாமல் கேட்டாள்: “அண்ணா, நிலவு ஏதும் மணக்குதோ?”

“வாயைப் பொத்திக்கொண்டு இரடி” என்றான் குகதாசன். தன் முகம் தெரியாமல் கண்ணாடியைத் திருப்பி விட்டான். சுமித்திரா வெளியே பார்க்கிற மாதிரி இருந்துகொண்டாள்.

மறுநாள் பின்னேரம் பெண்பிள்ளை பிறந்தது. மூக்கு அப்படியே தாயின் மூக்கு என்று தாதிமாரிடம் எல்லாம் சொல்லித் திரிந்தான் குகதாசன்.

தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வந்த கிழமை. நாகேஸ்வரி அக்கா வெறுஞ் சிலிண்டர் ஒன்றைப் படலையடியில் வைத்துவிட்டுக் கூப்பிட்டார். மழை தூறிக்கொண்டிருந்தது. சுமித்திரா யன்னலால் பார்த்தாள். குகதாசன் சிலிண்டரின் வாயைத் துணியால் துடைத்தான். அதன் மூடியை அழுத்திப் பூட்டினான். சிலிண்டரைப் பின் இருக்கையின் காலடியில் நிமிர்த்தி வைத்து, கயிற்றால் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கினான். ரெக்சின் திரைகளைச் சுருட்டி மேலே கட்டினான். பிள்ளையாருக்கு முன்னால் ஊதுவத்தி இல்லை, செவ்வரத்தம்பூ ஒன்றுதான் இருந்தது.

நாகேஸ்வரி அக்கா குடையை மடக்கிக்கொண்டு ஒரு காலை ஓட்டோவில் தூக்கி வைத்தார்.

“தம்பி, நானும் சந்திக்குத்தான். ஏறட்டோ? உது வெறுஞ் சிலிண்டர்தானே?”

குகதாசன் வாயைத் திறந்தான். யன்னல் பக்கம் திரும்பினான். சுமித்திரா அவன் என்ன சொல்லப்போகிறான் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். சிரிப்பை அடக்க அவளால் முடியவில்லை. அவன் திறந்த வாயை மூடினான். நாகேஸ்வரி அக்காவின் கையைப் பக்குவமாகப் பிடித்து இறக்கி, குடையைத் திரும்ப விரித்து அவருடைய கையில் கொடுத்தான். முன்னால் ஏறி ஓட்டோவை எடுத்தான். இரண்டு பக்கமும் அடித்த தூறலில் சேட் முதுகோடு ஒட்ட, படலையைத் தாண்டி ஒழுங்கையில் இறங்கிப் போனான்.