வெறும் வயிற்று மாத்திரை

சட்டைக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டிவிட்டு, கத்தரிக்கோலைப் பிடித்தபடி அப்படியே நின்றாள் தையல்காரம்மா. துணியின் நல்ல பக்கம் உள்ளே போக மடித்து வெட்டினால் வலதும் இடதும் தானாக ஜோடி சேரும். தையல் பழக வருகிறவர்களுக்கு முதல் வாரமே சொல்லித்தருகிற விஷயம் அது. நாற்பது வருஷம் பள்ளிச் சீருடை தைத்தவள் அதில் கோட்டைவிட்டிருந்தாள், அதுவும் அந்த வாரத்தில் இரண்டாவது முறை. வெட்டிய துணியைச் சுருட்டி மெஷினுக்கு அடியில் ஒளித்து வைத்தாள்.

அக்காவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் அடுப்பில் வைத்த பால் மறந்தது, பிறகு வீட்டுக்கு வரும் வழி, கடைசியில் தங்கையின் முகம். ஆறு மாதத்துக்கு முன்பு பார்க்கப் போனபோது, "நீங்க யாரைப் பார்க்க வந்திருக்கீங்க?" என்று வெகு மரியாதையாகக் கேட்டாள். அறுபது வருஷம் 'ஏய் குட்டி' என்று அதட்டியவள் வாயிலிருந்து அந்த 'நீங்க' வந்தது. அடுத்தது நான்தான் என்று தையல்காரம்மா அன்றே முடிவு கட்டிவிட்டாள்.

தடுத்துப் பார்க்காமலும் இல்லை. நான்கு மாதத்துக்கு முன்பு, பழைய வாடிக்கையாளர் ஒருவரின் பெயர் நாக்கு நுனியில் நின்று வராமல் போனபோது, எதிர்வீட்டுக்காரி காதைக் கடித்தாள். "மூளையே கொழுப்புதான் அக்கா. கொலஸ்ட்ரால் மாத்திரை அதையும் சேர்த்துக் கரைச்சிடுமாம்." எதிர்வீட்டுக்காரிக்கு இதையெல்லாம் யார் சொன்னார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. பயந்தவளுக்கு ஆதாரம் எதற்கு?

ஆனால் வீட்டில் மாத்திரை இலாகா கணவர் கையில் இருந்தது. கிடங்கு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். அட்டையிலிருந்து மாத்திரைகளைப் பிரித்து, 'காலை', 'இரவு' என்று எழுதிய டப்பாவில் நிரப்பி, வேளைக்குத் தண்ணீரோடு நீட்டுவார். எழுந்ததும் ஒன்று, இரவு ஒன்று. இதில் கொழுப்பு மாத்திரை எது? தையல்காரம்மா கொஞ்சம் யோசித்தாள். கொழுப்பைக் கரைக்கிற மருந்தை வெறும் வயிற்றில்தானே தருவார்கள்? அன்றிலிருந்து காலை மாத்திரையை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு வெறும் தண்ணீரை விழுங்கினாள். மாத்திரை பொத்தான் டப்பாவுக்குள் போனது. அவளைக் கேட்டால், யாரையும் கேட்காமல் தானே எடுத்த ஒரே மருத்துவ முடிவு என்று பெருமையாகச் சொல்லியிருப்பாள். மறதி மட்டும் குறையவில்லை. நாளுக்கு நாள் கூடியது.

மெஷினுக்கு அடியில் கிடந்த துணியைக் கணவர் பார்த்துவிட்டார். இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

ரத்தம் எடுத்தார்கள். கடிகாரம் வரையச் சொன்னார்கள். ஐந்து வார்த்தை சொல்லித் திரும்பக் கேட்டதில் மூன்றுதான் வந்தது. அடுத்த வாரம் டாக்டரம்மா அறிக்கையைப் புரட்டிவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"கொலஸ்ட்ரால் ஏறியிருக்கு. அதைவிட தைராய்டுதான் ரொம்ப மோசமா இருக்கு. மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களாம்மா?"

"என் கையாலதான் குடுக்கறேன் டாக்டர்" என்றார் கணவர். "தைராய்டு மாத்திரை காலையில வெறும் வயித்துல. கொலஸ்ட்ராலுக்கு ராத்திரி."

தையல்காரம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"காலையில குடுக்கறது கொழுப்பு மாத்திரை இல்லையா?"

பிறகு மறைக்க என்ன இருக்கிறது? எதிர்வீட்டுக்காரியிலிருந்து பொத்தான் டப்பா வரை ஒன்று விடாமல் ஒப்பித்தாள். டாக்டரம்மா பேனாவை மேஜையில் வைத்துவிட்டார். சிரிப்பை அடக்குவது நன்றாகவே தெரிந்தது.

"வேணாம்னு நினைச்சதை ஒழுங்கா சாப்பிட்டிருக்கீங்க, வேணுங்கறதை விட்டிருக்கீங்க. தைராய்டு இவ்வளவு குறைஞ்சா ஞாபகம் மங்கும், கொலஸ்ட்ராலும் ஏறும். மறுபடி ஒழுங்கா சாப்பிடுங்க, பெரும்பாலும் சரியாகிடும். மூணு மாசம் கழிச்சு இதே பரிட்சையை வச்சுப் பார்ப்போம். ராத்திரி மாத்திரையை விட்றாதீங்க, அது மூளைக்குப் போற ரத்தக்குழாய்க்கும் சேர்த்துத்தான்."

"அப்போ அக்காவுக்கு வந்தது..."

"அது மாதிரி அறிகுறி உங்ககிட்ட இப்போ எதுவும் தெரியலைம்மா."

வெளியே வந்ததும் அவளுக்கு உடம்பே லேசாகிவிட்டது. அக்காவை நினைத்து ஒரு நொடி குற்ற உணர்ச்சியும் வந்தது. ஆனாலும் சந்தோஷம் சந்தோஷம்தான். கணவர் இதோ திட்டப்போகிறார் என்று காத்திருந்தாள். நான்கு மாதம் ஏமாற்றியவளை யார்தான் திட்டமாட்டார்கள்? அவர் நேராக நடந்து, பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். நாற்பத்தோரு வருஷத்தில் அவர் அழுது அவள் பார்த்ததில்லை. கைக்குட்டைக்காகப் பையைத் துழாவினாள். தான் திறந்தே பார்க்காத உள்பைக்குள் ஏதோ கையில் தட்டுப்பட்டது.

நனையாமலிருக்க ஒட்டுநாடா சுற்றிய ஓர் அட்டை. கிடங்குக்காரரின் கொட்டை எழுத்து.

'இவர் என் மனைவி. வழி தெரியாமல் நின்றால் தயவுசெய்து அதட்ட வேண்டாம். பயந்துவிடுவார். உட்காரவைத்து இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள். உடனே வந்துவிடுவேன்.'

அட்டையின் ஓரங்கள் தேய்ந்திருந்தன. அவள் அதை எடுத்த இடத்திலேயே வைத்து ஜிப்பை மூடினாள். கைக்குட்டையை அவர் மடியில் போட்டாள்.

"மூக்கைத் துடைங்க" என்றாள். "பஸ் வருது."